ஆப்பிரிக்காவில் இளைஞர் அமைப்புகள் உண்மையில் எப்படி நடக்கின்றன?

கேள்வி இது: ஆப்பிரிக்காவில் "இளைஞர் தலைமை", "சமூக மேம்பாடு" என்ற பெயரில் எக்கச்சக்கமான அமைப்புகள் இருக்கின்றன. இவை பயிற்சி முகாம், சான்றிதழ், குழுப் படம் என்பதோடு முடிந்துவிடுகின்றனவா, ஊருக்குள் ஏதாவது மாறுகிறதா? படிப்பு முடித்த ஒருவர் ஆறு மாதம் நைரோபி பக்கம் தன்னார்வலராகப் போனால் உருப்படியாக ஏதும் செய்ய முடியுமா?

மாறுகிறது, நிறையவே மாறுகிறது. ஆனால் மாற்றம் நடக்கிற இடமும் வெளிநாட்டுப் பணம் போய்ச் சேருகிற இடமும் பல சமயம் வேறு வேறாக இருக்கின்றன. தன் தெருவில் ஒரு பொறுப்பைக் கையில் எடுத்து, அதற்கான பணத்தையும் விதிகளையும் தானே வைத்துக்கொண்டு நடத்துகிற குழுக்களிலிருந்துதான் அங்கே தலைவர்கள் வருகிறார்கள் என்பது பல ஆண்டுகளாக இதைக் கவனித்துவரும் எனக்கு உறுதியாகத் தெரிகிறது. 54 நாடுகளைப் பற்றி ஒரே மூச்சில் பேச முடியாது. அதனால் கென்யா, சூடான், செனகல், கொஞ்சம் நைஜீரியா, தான்சானியா என்று எனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன்.

முதலில் வயதுக் கணக்கு. ஆப்பிரிக்கக் கண்டத்தின் இடைநிலை வயது ஏறக்குறைய 19, அதாவது அங்கே வாழ்கிறவர்களில் பாதிப் பேர் அந்த வயதுக்கும் கீழே. ஆப்பிரிக்க ஒன்றியம் 2006-ல் காம்பியாவின் பாஞ்சுல் நகரில் ஏற்றுக்கொண்ட இளைஞர் சாசனம் 15 முதல் 35 வயது வரை உள்ளவர்களை இளைஞர் என்கிறது. 35 என்றதும் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். நிலையான வேலை இல்லாமல், அதனால் கல்யாணத்தையும் தனி வீட்டையும் தள்ளிப் போட்டுக்கொண்டே வருகிறவர்கள் அங்கே முப்பது வயதிலும் பெரியவர்களாக எண்ணப்படுவதில்லை. ஆண்டுக்கு 1 கோடி முதல் 1.2 கோடி இளைஞர்கள் வேலை தேடி வருகிறார்கள், முறையான சம்பள வேலைகள் 30 லட்சம் அளவில்தான் உருவாகின்றன என்பது ஆப்பிரிக்க வளர்ச்சி வங்கி திரும்பத் திரும்பச் சொல்லும் கணக்கு. இதை மனதில் வைத்துக்கொள்ளாமல் எந்த இளைஞர் குழுவையும் புரிந்துகொள்ள முடியாது. உறுப்பினர் பட்டியலில் இருப்பவர் இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பனாக இருக்கலாம், அவருக்குச் சாயங்காலக் கூட்டத்தைவிட அன்றைய வருமானம் முக்கியம். அந்த வருமானத்துக்கு வழி வைக்காத குழு ஓர் ஆண்டைத் தாண்டுவது கஷ்டம்.

இப்போது மத்தாரே. நைரோபி நகர மையத்திலிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில், ஓர் ஆற்றுப் பள்ளத்தாக்கின் இரு கரையிலும் தகர வீடுகள் நெருக்கியடித்து நிற்கும் பகுதி. 1987-ல் பாப் மன்ரோ என்ற கனடாக்காரர் அங்கே பிளாஸ்டிக் பைகளைச் சுருட்டிக் கயிற்றால் கட்டிய பந்தை உதைத்து விளையாடும் சிறுவர்களோடு சேர்ந்து ஒரு கால்பந்து லீக் தொடங்கினார். மத்தாரே இளைஞர் விளையாட்டுச் சங்கம் என்று பெயர். தொடங்கியவர் வெளிநாட்டுக்காரர்தான், ஆனால் அவர் முன்வைத்த ஏற்பாடு வித்தியாசமானது: நீங்கள் ஏதாவது செய்தால் நானும் செய்வேன், நீங்கள் சும்மா இருந்தால் நானும் சும்மா இருப்பேன். மத்தாரேயில் குப்பை அள்ள மாநகராட்சி வண்டி வருவதில்லை. சாக்கடை அடைத்து, மழை பெய்தால் வீட்டுக்குள் தண்ணீர் வந்து, குழந்தைகளுக்கு நோய் வரும். ஆகவே லீக்கின் விதியிலேயே குப்பையைச் சேர்த்தார்கள். ஆட்டத்தில் ஜெயித்தால் 3 புள்ளி, அணி தன் பகுதியில் துப்புரவு வேலையை முடித்துக் கொடுத்தால் 6 புள்ளி. எல்லா ஆட்டத்திலும் ஜெயித்துவிட்டு மண்வெட்டியைத் தொடாத அணி அட்டவணையில் கீழேதான் நிற்கும்.

இந்த விதி எவ்வளவு நுணுக்கமானது என்று யோசித்துப் பாருங்கள். பன்னிரண்டு வயதுப் பையனிடம் சுகாதாரம் பற்றி யாரும் வகுப்பு எடுக்கவில்லை. அவனுக்கு லீக்கில் முதலிடம் வேண்டும், அதற்காக ஞாயிற்றுக்கிழமை காலையில் பதினோரு பேரையும் எழுப்பி, கூடையும் மண்வாரியும் வாங்கி, யார் எந்தச் சந்து என்று பிரித்துக் கொடுத்து, வராதவனை என்ன செய்வது என்று முடிவெடுக்க வேண்டும். தலைமை என்று நாம் பெரிதாகப் பேசுவதெல்லாம் அந்த ஒரு காலையில் அடங்கியிருக்கிறது. அப்புறம், லீக் என்றால் நடுவர் வேண்டும், ஆட்ட நாள் அட்டவணை வேண்டும், வயதைப் பொய் சொல்லி இறங்கிய ஆட்டக்காரர் மேல் வரும் புகாரை விசாரிக்கக் குழு வேண்டும். இவை எல்லாவற்றையும் பதின்வயதினரே, பகுதிவாரியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டு, செய்கிறார்கள். நடுவர் வேலைக்கும், சின்னவர்களுக்குப் பயிற்சி கொடுப்பதற்கும், சமூக வேலைக்கும் தனித்தனியாகப் புள்ளி உண்டு. அதிகப் புள்ளி சேர்த்தவர்களுக்கு உதவித்தொகை, அதுவும் கையில் காசாகக் கொடுப்பதில்லை, பள்ளிக் கட்டணமாகப் பள்ளிக்கே போய்விடும்.

1992-ல் பெண்கள் அணிகளைச் சேர்த்தார்கள். அது சுலபமாக நடக்கவில்லை. சாயங்காலம் தண்ணீர் பிடிப்பதும் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வதும் பெண் பிள்ளைகள் தலையில்தான் விழும். இருட்டுவதற்குள் வீடு திரும்பாவிட்டால் பெற்றோருக்குப் பயம், அந்தப் பயம் நியாயமானதும்கூட. அதனால் பெண்களுக்கு ஆட்டம் வைக்கும் நேரம், யார் கூட்டிப்போய்க் கொண்டுவந்து விடுவது, தம்பியைத் தூக்கிக்கொண்டு வந்தால் மைதான ஓரத்தில் யார் பார்த்துக்கொள்வது என்று ஒவ்வொன்றையும் யோசிக்க வேண்டியிருந்தது. "பெண்களுக்கும் வாய்ப்பு" என்று அறிக்கையில் ஒரு வரி எழுதுவதற்கும் இதற்கும் உள்ள தூரம் பெரிது. ஓர் அமைப்பு பெண்களைப் பற்றிப் பேசும்போது நான் முதலில் கேட்பது, கூட்டம் எத்தனை மணிக்கு நடக்கிறது என்பதைத்தான்.

இதே சங்கத்திலிருந்து 1994-ல் மத்தாரே யுனைடெட் என்ற பெரிய அணி உருவாகி, 2008-ல் கென்ய பிரீமியர் லீக்கையே வென்றது. 2003, 2004 இரண்டு ஆண்டுகளும் சங்கம் நோபல் அமைதிப் பரிசுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. இதையெல்லாம்விட, அந்த லீக்கில் வளர்ந்தவர்கள்தான் பிறகு அதே பகுதிகளில் நூலகம், எச்.ஐ.வி. விழிப்புணர்வு, காவலில் அடைக்கப்பட்ட சிறுவர்களுக்குச் சாப்பாடு கொண்டுபோவது என்று பல வேலைகளை எடுத்து நடத்தினார்கள் என்பதே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

மத்தாரே மாதிரி புகழ்பெற்றவை ஒரு பக்கம் இருக்கட்டும். நைரோபியின் உண்மையான இளைஞர் அமைப்பு என்றால் அது "பேஸ்". தெருமுனையில் ஒரு மர நிழல், ஒரு பழைய சோபா, பக்கத்தில் ஒரு கார் கழுவுமிடம் அல்லது காசு கொடுத்துப் போகும் கழிப்பறை, அங்கே கூடும் பத்து இருபது பேர். இவர்களுக்கு ஒரு "சாமா" இருக்கும். நம் ஊர்ச் சீட்டு மாதிரி வாரா வாரம் ஆளுக்கு இவ்வளவு என்று போட்டு, முறை வைத்து எடுப்பார்கள், அல்லது சேர்ந்த தொகையில் ஒரு தொழில் தொடங்குவார்கள். தலைவர், செயலாளர், பொருளாளர் மூன்று பேரும் கட்டாயம். கூட்டக் குறிப்பேடு உண்டு, தாமதமாக வந்தால் அபராதம் உண்டு. பணம் எம்-பெசா என்ற கைப்பேசிப் பணச் சேவையில் வந்து போவதால் யார் போட்டார், யார் போடவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். அரசிடம் சுய உதவிக் குழுவாகப் பதிவு செய்துகொண்டால் வங்கிக் கணக்கு திறக்கலாம், சின்ன ஒப்பந்தங்களுக்கு விண்ணப்பிக்கலாம்.

இவர்களுடைய முக்கியத் தொழில் குப்பை. தள்ளுவண்டியோடு வீடு வீடாகப் போய்க் குப்பை எடுத்து, வீட்டுக்கு இவ்வளவு என்று வாங்கி, பிளாஸ்டிக்கையும் இரும்பையும் பிரித்து விற்று, மீதியை டண்டோராவில் கொட்டுவார்கள். டண்டோரா குப்பைமேடு 1970-களில் திறக்கப்பட்டது, 2001-லேயே நிரம்பிவிட்டது என்று அறிவிக்கப்பட்டும் நகரத்தின் குப்பை இன்றும் அங்கேதான் போகிறது. அந்த டண்டோராவிலேயே நடந்த ஒரு வேலையைச் சொல்ல வேண்டும். உலக வங்கி உதவியோடு 1970-களில் போடப்பட்ட குடியிருப்பு அது, வீடுகள் ஒரு பொது முற்றத்தைச் சுற்றி அமைந்திருக்கும். காலப்போக்கில் அந்த முற்றங்கள் குப்பைக்கிடங்காகவும் வழிப்பறிக்காரர்கள் ஒதுங்கும் இடமாகவும் ஆகிவிட்டன. அங்கிருந்த இளைஞர்கள் தங்கள் முற்றத்தைச் சுத்தம் செய்து, புல்லும் மரமும் வைத்து, வாயிலுக்கு ஒரு கேட் போட்டு, இரவில் கார் நிறுத்த இடம் கொடுத்து அதற்குக் கட்டணம் வாங்கினார்கள். குடியிருப்பவர்களும் துப்புரவுக்கும் காவலுக்கும் மாதம் ஒரு சிறு தொகை கொடுத்தார்கள். அக்கம்பக்கத்து முற்றங்களும் போட்டி போட்டுக்கொண்டு அதையே செய்யத் தொடங்கின. பக்கத்துக் குடிசைப் பகுதியான கொரோகோச்சோவில் நைரோபி ஆற்றங்கரைக் குப்பைமேட்டைப் பூங்காவாக மாற்றிய கோம்ப் கிரீன் குழுவில் முன்பு வழிப்பறியில் இருந்தவர்களே பலர். குற்றத்தை விட்டு வா என்று கூப்பிடுவதோடு நிற்காமல், வந்தவனுக்கு மறுநாள் காலையில் செய்ய ஒரு வேலையும் கொஞ்சம் காசும் இருந்தது. அதனால்தான் ஆள் நின்றார்கள்.

எல்லாம் அழகு என்று சொல்லவரவில்லை. குப்பையில் காசு இருப்பதால் எந்தத் தெரு யாருக்கு என்பதில் அடிதடி வரும். தேர்தல் நெருங்கினால் அரசியல்வாதிகள் பேஸ் பேஸாகப் போய்ப் பணம் கொடுத்து, கூட்டத்துக்கு ஆள் சேர்ப்பதற்கும் எதிராளியின் கூட்டத்தைக் கலைப்பதற்கும் இதே பையன்களைப் பயன்படுத்துவார்கள். தெருமுனையில் நிற்கும் இளைஞன் என்றாலே போலீசுக்குச் சந்தேகம். மத்தாரேயில் விசாரணையே இல்லாமல் சுட்டுக் கொல்லப்பட்ட இளைஞர்களைப் பற்றி மத்தாரே சமூக நீதி மையம் 2017-ல் ஆவணம் வெளியிட்டது. அந்த மையத்தை நடத்துகிறவர்களும் அதே தெரு இளைஞர்கள்தான். இவர்களைப் பொறுத்தவரை குப்பை அள்ளுவதும் கொல்லப்பட்டவனுக்காக நீதி கேட்பதும் ஒரே வேலையின் பாகங்கள். பல நன்கொடையாளர்கள் முதலாவதற்குப் பணம் தருவார்கள், இரண்டாவதைக் கண்டால் நழுவிவிடுவார்கள்.

பயிற்சித் திட்டங்களுக்கு வருவோம். ஜோகன்னஸ்பர்க் பக்கம் 2008-ல் திறந்த ஆப்பிரிக்கத் தலைமை அகாடமி, அமெரிக்க அரசு 2014-ல் தொடங்கிய மண்டேலா வாஷிங்டன் ஃபெலோஷிப் போன்றவை நல்ல திறமைசாலிகளைத் தேடிப் பிடித்தன. பல நாட்டு இளைஞர்களை ஒருவருக்கொருவர் அறிமுகப்படுத்தின. அந்தத் தொடர்பு பிறகு பெரிதும் பயன்பட்டது. அவற்றைக் குறை சொல்ல மாட்டேன். என் வருத்தம் அதற்குக் கீழே, நட்சத்திர ஓட்டல் அரங்குகளில் இரண்டு மூன்று நாள் நடக்கும் பட்டறைகள் பற்றியது. நல்ல ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ விண்ணப்பம் எழுதத் தெரிந்தவர்தான் அங்கே வருகிறார், தலைநகரில் பட்டம் படித்தவர், அதே ஆள் அடுத்த மாதம் வேறொரு பட்டறையிலும் இருப்பார். வருகைக்கு அலவன்ஸ், பயணப்படி, மதிய உணவு எல்லாம் உண்டு. வேலையில்லாதவருக்கு அந்த அலவன்ஸ் உண்மையிலேயே தேவை, அதை வாங்குகிறவரை நான் பழிக்க மாட்டேன். ஆனால் அந்த ஒரு பட்டறைக்கு ஆகும் செலவில் கொரோகோச்சோவில் ஒரு குழு ஓராண்டு ஓடிவிடும். பட்டறை முடிந்து ஊருக்குத் திரும்பியவரிடம் ஒரு சாவியோ ஒரு வங்கிக் கணக்கோ முடிவெடுக்கும் அதிகாரமோ இல்லை என்றால், கற்றுக்கொண்டதை எங்கே போய்ப் பயன்படுத்துவார்?

இதற்கு நேர் எதிரான ஒன்று சூடானில் நடந்துகொண்டிருக்கிறது. இந்தப் பதிலில் வேறு எதையும் படிக்காவிட்டாலும் இதை மட்டும் படியுங்கள் என்பேன். 2023 ஏப்ரல் 15 அன்று ராணுவத்துக்கும் ஆர்.எஸ்.எஃப். துணைப்படைக்கும் இடையே போர் வெடித்தது. கார்த்தூமிலிருந்து தூதரகங்களும் பெரிய உதவி அமைப்புகளும் சில நாட்களிலேயே கிளம்பிவிட்டன. மருத்துவமனைகள் மூடின, மின்சாரம் போனது, கடைகள் சூறையாடப்பட்டன. அந்த வெற்றிடத்தில் பகுதி இளைஞர்கள் "அவசரகால அறைகள்" என்று அமைத்தார்கள். அறை என்றால் கட்டடம் இல்லை, பெரும்பாலும் ஒரு வாட்ஸப் குழுவும் சில பத்துப் பேரும்தான். ஒரு பிரிவு மூடிக்கிடந்த சுகாதார நிலையத்தைத் திறக்கும், ஒரு பிரிவு குடும்பங்களைச் சண்டை நடக்கும் தெருவிலிருந்து வெளியேற்றும், ஒரு பிரிவு தண்ணீர்க் குழாயையும் மின்கம்பியையும் சரிசெய்யும், பெண்கள் தனியாக அமைத்த அறைகள் வன்முறைக்கு ஆளானவர்களைக் கவனிக்கும். எல்லாவற்றுக்கும் மேல் "தக்காயா" எனப்படும் பொதுச் சமையல்கூடங்கள். பெரிய பாத்திரத்தில் பருப்போ அவரையோ வேகவைத்துத் தெருவுக்கே போடுவார்கள்.

பணம் எப்படி வந்தது? வளைகுடா நாடுகளிலும் ஐரோப்பாவிலும் இருக்கும் சூடானியர்கள் பாங்கக் என்ற வங்கிச் செயலி வழியாக அனுப்பினார்கள். அறையின் பொறுப்பாளர் அதைக் கடைக்காரருக்கு மாற்றிச் சரக்கு வாங்குவார், ரசீதைப் படம் எடுத்துக் குழுவில் போடுவார். 2024 பிப்ரவரியில் நாட்டின் பெரும்பகுதியில் தொலைத்தொடர்பு துண்டானபோது செயலி வேலை செய்யவில்லை, சமையல்கூடங்கள் நின்றன. பிறகு ஆங்காங்கே ஸ்டார்லிங்க் என்ற செயற்கைக்கோள் இணையக் கருவிகளைப் பிடித்து மீண்டும் ஓட்டினார்கள். பெரிய அமைப்புகளின் லாரிகள் சோதனைச் சாவடிகளில் மாதக்கணக்கில் காத்துக்கிடந்தபோதும் இந்தச் சமையல்கூடங்களில் அடுப்பு எரிந்தது.

இது ஒரே இரவில் முளைத்ததும் இல்லை. அறுவடைக்கோ வீடு கட்டவோ ஊரே கூடி உழைக்கும் "நஃபீர்" என்ற பழைய வழக்கம் அங்கே உண்டு. 2013-ல் கார்த்தூமில் வெள்ளம் வந்தபோது இளைஞர்கள் அந்தப் பெயரிலேயே பெரிய நிவாரண வேலை செய்தார்கள். பிறகு பகுதி வாரியான எதிர்ப்புக் குழுக்கள் வந்தன. 2018 டிசம்பரில் தொடங்கி 2019 ஏப்ரலில் அதிபர் உமர் அல்-பஷீர் வீழும் வரை போராட்டத்தைத் தெருத்தெருவாக நடத்தியவை அவை. யார் வீட்டில் வயதானவர் இருக்கிறார், யாருக்கு இன்சுலின் வேண்டும், எந்தச் சந்து எங்கே போகும் என்பதெல்லாம் அந்த நாட்களில் தெரிந்துகொண்டது. போரில் அதுவே ஆயிரக்கணக்கானோரைக் காப்பாற்றியது. இதற்கான விலையும் கொடுத்திருக்கிறார்கள், இரு தரப்புப் படைகளும் தன்னார்வலர்களைப் பிடித்து அடைத்திருக்கின்றன, கொன்றிருக்கின்றன. 2025 தொடக்கத்தில் அமெரிக்க உதவி திடீரென நிறுத்தப்பட்டபோது பெரும்பாலான சமையல்கூடங்கள் மூடவேண்டி வந்தது. அதே ஆண்டு அவசரகால அறைகளுக்கு நார்வேயின் ராஃப்டோ பரிசும் ரைட் லைவ்லிஹுட் விருதும் கிடைத்தன. விருது மகிழ்ச்சிதான், ஆனால் ஒரு வாரம் பருப்பு வாங்கும் பணத்துக்காக அவர்கள் இன்னமும் கெஞ்சவேண்டியிருக்கிறது என்பதை நினைத்தால் மனசு ஆறவில்லை.

அரசியல் பக்கத்தைத் தொடாமல் முடியாது. செனகலின் டக்கரில் 1990 வாக்கில் நகராட்சி குப்பை அள்ளாததைக் கண்டு வெறுத்துப்போன இளைஞர்கள் தாங்களே தெருக்களைச் சுத்தம் செய்து, சுவர்களில் ஓவியம் தீட்டினார்கள், "செட் செட்டால்" என்று அதற்குப் பெயர். இருபது ஆண்டு கழித்து 2011 ஜனவரியில், ஓயாத மின்வெட்டில் கடுப்பான ராப் பாடகர்களும் ஒரு பத்திரிகையாளரும் சேர்ந்து "யான் அ மார்" இயக்கத்தைத் தொடங்கினார்கள், போதும்டா சாமி என்கிற தொனி. அதிபர் அப்துலாய் வாட் முதல் சுற்றில் 25 சதவீத வாக்கு வாங்கினாலே வெற்றி என்று அரசியலமைப்பை மாற்றப் பார்த்தார். 2011 ஜூன் 23 அன்று மக்கள் தெருவில் இறங்கியதும் மசோதாவைத் திரும்பப் பெற்றார். இயக்கம் அதோடு நிற்காமல் வாக்காளர் பட்டியலில் இளைஞர்களைச் சேர்க்கும் வேலையில் இறங்கியது. 2012 மார்ச்சில் வாட் தோற்றார். எனக்குப் பிடித்தது அதற்குப் பிறகு அவர்கள் செய்தது: புதிய அரசில் பதவி தேடிப் போகாமல், ஊர் ஊராக மேயர்களையும் மக்களையும் ஒரே இடத்தில் உட்காரவைத்துச் செலவுக் கணக்கு கேட்கும் திட்டத்தை நடத்தினார்கள். 2024 மார்ச்சில் பசிரு தியோமாய் ஃபாய் 44 வயதில், சிறையிலிருந்து வெளிவந்த பத்தே நாளில் தேர்தலில் நின்று, முதல் சுற்றிலேயே வென்று அதிபரானதற்குப் பின்னால் இப்படிப் பல ஆண்டு உழைப்பு இருக்கிறது.

நைஜீரியாவில் "தேர்தலில் நிற்க வயது போதாது என்று சொல்லாதே" என்ற பொருளில் யியாகா ஆப்பிரிக்கா அமைப்பு முன்னின்று நடத்திய இயக்கம் 2018 மே 31 அன்று சட்டமானது. அதிபருக்கு நிற்கும் வயது 40-லிருந்து 35 ஆனது, நாடாளுமன்றக் கீழவைக்கும் மாநிலச் சட்டமன்றங்களுக்கும் 30-லிருந்து 25 ஆனது. பெரிய வெற்றி, சந்தேகமில்லை. ஆனால் 2023 தேர்தலுக்கு ஆளுங்கட்சி தன் அதிபர் வேட்பாளர் விண்ணப்பப் படிவத்துக்கு 10 கோடி நைரா விலை வைத்தது, கீழவைக்கு 1 கோடி. இருபத்தைந்து வயது ஆசிரியையோ மெக்கானிக்கோ அந்தப் பணத்துக்கு எங்கே போவார்? தான்சானியாவில் 14, 15 வயதுப் பெண்களின் திருமணத்தை அனுமதித்த 1971-ஆம் ஆண்டுச் சட்டப் பிரிவுகளை எதிர்த்து ரெபெக்கா கியூமி என்ற இளம் வழக்கறிஞர் வழக்குப் போட்டு 2016-ல் வென்றார். அரசு மேல்முறையீடு செய்து 2019-ல் அதிலும் தோற்றது. அதற்குப் பிறகும் சட்டத்தைத் திருத்துவது ஆண்டுக்கணக்கில் இழுத்துக்கொண்டே போனது. சட்டத்தில் வெல்வதும் அது வீட்டுக்குள் வந்து சேர்வதும் தனித்தனி வேலைகள். இரண்டாவதைச் செய்ய ஊர்க்குழுதான் வேண்டும்.

2024-ல் கென்யாவில் நடந்ததை எல்லோரும் "தலைவரே இல்லாத இளைஞர் எழுச்சி" என்று எழுதினார்கள். ரொட்டிக்கு 16 சதவீத வரி உட்படப் பலவற்றைக் கொண்டுவந்த நிதி மசோதாவை இளைஞர்கள் சுவாஹிலியிலும் பிற மொழிகளிலும் மாற்றி, டிக்டாக்கில் பிரிவு பிரிவாக விளக்கினார்கள். ஜூன் 25 அன்று கூட்டம் நாடாளுமன்றத்துக்குள் நுழைந்தது, போலீஸ் சுட்டது, மறுநாள் அதிபர் ரூட்டோ மசோதாவில் கையெழுத்திட மாட்டேன் என்று அறிவித்தார். ஜூலை முதல் தேதி வரை 39 பேர் இறந்ததாக அந்நாட்டுத் தேசிய மனித உரிமை ஆணையம் கணக்கிட்டது. தலைவர் இல்லை என்பது பாதி உண்மைதான். காயம்பட்டவர்களுக்கு மருத்துவக் கூடாரம், கைதானவர்களுக்கு இலவச வழக்கறிஞர்கள், மருத்துவச் செலவுக்கு எம்-பெசா வழியே திரட்டிய பணம், இதையெல்லாம் யாரோ ஒருங்கிணைத்தார்கள். சாமா நடத்திக் கணக்கு எழுதிப் பழகிய, மழை வெள்ளத்தில் அண்டை வீட்டாரைத் தூக்கிக் காப்பாற்றிப் பழகிய ஆயிரக்கணக்கானோர் அந்த நகரத்தில் இருந்ததால்தான் அது சாத்தியமானது என்று நான் நினைக்கிறேன்.

சரி, ஆறு மாதம் போகலாமா? போகலாம், ஆனால் எதற்குப் போகிறீர்கள் என்பதை அங்கிருப்பவர்கள் முடிவு செய்யட்டும். பள்ளிச் சுவருக்குப் பெயின்ட் அடிக்கவும், அநாதை இல்லத்தில் குழந்தைகளோடு இரண்டு வாரம் இருக்கவும் காசு வாங்கிக்கொண்டு கூட்டிப்போகும் ஏற்பாடுகளைத் தவிர்த்துவிடுங்கள். பெயின்ட் அடிக்க ஊரிலேயே வேலையில்லாத ஆள் இருக்கிறார், குழந்தைகளுக்கு வந்து வந்து போகிறவர்களால் மனக்காயம்தான் மிச்சம். நீங்கள் கணக்கு எழுதத் தெரிந்தவர், மென்பொருள் தெரிந்தவர், வரைபட வேலை தெரிந்தவர் என்றால் உங்களுக்கு உண்மையான தேவை இருக்கிறது. 2009 வரை கிபேரா என்ற பெரிய குடிசைப் பகுதி நைரோபியின் வரைபடத்தில் வெறும் காலியிடம். அந்த ஆண்டு உள்ளூர் இளைஞர்கள் ஜி.பி.எஸ். கருவியோடு நடந்து ஒவ்வொரு தண்ணீர்க் குழாயையும் கழிப்பறையையும் பள்ளியையும் குறித்து, யாரும் சேர்க்கக்கூடிய இலவச இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஏற்றினார்கள். அதைச் சொல்லிக்கொடுக்க வெளியிலிருந்து வந்தவர்கள் இருந்தார்கள், ஆனால் நடந்தவர்களும் தெருவை அறிந்தவர்களும் உள்ளூர் இளைஞர்களே. அந்த மாதிரி உதவி சரி.

அமைப்பைத் தேர்ந்தெடுக்கும் முன் சில விஷயங்களை நேராகக் கேளுங்கள். காசோலையில் கையெழுத்துப் போடுவது யார்? உறுப்பினர்கள் தங்கள் கையிலிருந்து ஏதாவது போடுகிறார்களா? போன தடவை நிதி நின்றபோது எதைத் தொடர்ந்தார்கள், எதை நிறுத்தினார்கள்? தொடங்கியவர் இன்றும் தலைவராகவே இருக்கிறாரா, அவருக்குப் பிறகு யார்? ஒளிவுமறைவில்லாமல் பதில் சொல்கிறவர்களிடம் போங்கள். பணம் கொடுப்பதானால் சின்னத் தொகையாக இருந்தாலும் மூன்று ஆண்டுக்குத் தொடர்ந்து கொடுங்கள். வாடகை, போன் ரீசார்ஜ், பொருளாளருக்குக் கொஞ்சம் சம்பளம் என்று எதற்கு வேண்டுமானாலும் செலவழிக்கலாம் என்று சொல்லிக் கொடுங்கள், அவர்களுக்குக் கிடைக்காத பணம் அந்த வகைப் பணம்தான்.

அப்புறம் நடைமுறை. கென்யாவில் சம்பளமில்லாத தன்னார்வ வேலைக்கும் அனுமதி தேவை, சுற்றுலா அனுமதியில் போய் வேலை செய்யாதீர்கள், மாட்டினால் உங்களை அழைத்த குழுவுக்கும் தொல்லை. போகும் முன் மூன்று மாதமாவது சுவாஹிலி படியுங்கள், நைரோபி இளைஞர்கள் பேசும் ஷெங் கலப்பு மொழி அங்கே போனால் தானாக ஒட்டிக்கொள்ளும். மார்ச் முதல் மே வரை பெருமழை. 2024 ஏப்ரலில் மத்தாரே ஆறு பெருகி வீடுகளை அடித்துக்கொண்டு போனது. அந்த மாதங்களில் குழுக்கள் மீட்பு வேலையில் இருக்கும், புதியவருக்கு வேலை சொல்லிக்கொடுக்க யாருக்கும் நேரம் இருக்காது. 2027 ஆகஸ்டில் பொதுத்தேர்தல், அதற்கு முந்தைய மாதங்களில் எல்லாக் குழுக்களையும் அரசியல் இழுக்கும், அந்தக் காலத்தையும் தவிர்த்துவிட்டால் நல்லது. தேர்தல் இல்லாத ஆண்டில் ஜூனில் போய் நவம்பர் வரை இருப்பது மாதிரி அமைத்துக்கொள்ளுங்கள், ஆகஸ்டு பள்ளி விடுமுறையில் பிள்ளைகள் எல்லாம் மைதானத்தில் இருப்பார்கள், யார் யாரை வழிநடத்துகிறார்கள் என்று அப்போது கண்ணாலேயே பார்க்கலாம்.